ரிட்டர்ன் போகாத மழைக்கோட்டு

ஏட்டி,

மடியில் ஒரு மழைக்கோட்டு, கையில் ஊசி நூல். தைக்கிற வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிவப்புக் கோட்டு. என் மகள் பிரின்சி போனிலேயே பார்த்துப் போனிலேயே வாங்கியது. இன்னும் ஒரு சொட்டு மழை இதன் மேல் படவில்லை. மூக்கில் வைத்தால் அப்படியே அந்த வாசனை. மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால், எஸ்டேட்டில் பேர் கூப்பிடுகிற களத்தில் நம்மை வரிசையாக நிறுத்தி, இடுப்பில் சுற்றிக்கொள்ள ஆளுக்கொரு பிளாஸ்டிக் படுதா கொடுப்பார்களே, அதே வாசனை. நீ எல்லாரையும் இடித்துத் தள்ளி முதல் ஆளாய் வாங்குவாய். முகத்தில் வைத்து மூச்சை இழுப்பாய். பிறகு அதைச் சேலை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைக்கு நடுவில் இடுப்பை ஆட்டி நடந்து, "நான் ரிசார்ட்டு மேடம், நீ என் பெட்டியத் தூக்குட்டி" என்பாய். உன் படுதாவில் ஒரு கிழிசலாவது இருக்கட்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொள்வேன். அது உனக்கும் தெரியும்.

தெரியாமல் இருக்குமா? இந்தச் சின்னக்கானல் மலையில் என் பொறாமையை உன்னைப் போலக் கண்டுபிடித்தவள் யார்? ஒரே லயத்து வரிசை வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. சுவரும் கூரை வரைக்கும் போகாத சுவர். உன் வீட்டில் கருவாடு பொரித்தால் என் வீட்டில் கண் எரியும். உன் புருஷன் உனக்குப் பூ வாங்கிவந்த அன்றைக்கு நான் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன். நீ ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டுவாய். "எரியுதாட்டி? எரியட்டும். குளிருக்கு நல்லது." சொல்லிவிட்டுப் பூவில் பாதியைக் கிள்ளி என் பக்கம் போடுவாய். நான் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீ இறங்கினதும் எடுத்து வைத்துக்கொள்வேன்.

பொறாமை பாவம் என்று எங்கள் போதகர் வருஷத்துக்கு ஒரு பிரசங்கமாவது பண்ணுவார். அன்றைக்குப் பார்த்து நான்தான் முன்வரிசையில் இருப்பேன். இப்போது அவர் பிரசங்கம் பண்ணினால் நான் எழுந்து வெளியே போய்விடவேண்டியதுதான். ஏனென்றால் இந்த வயதில், பெற்ற மகள் மேலேயே எனக்குப் பொறாமை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? மூணாறுக்குப் போனால் ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தனியாக, ஒரு முழு மேசையில்! பரோட்டா கொண்டுவந்து வைத்தவரை "சேட்டா, இது ஆறிப்போச்சு, வேற கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பினாளாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்கு நாமிருவரும் போடிக்கு இறங்கிப் போனது ஞாபகம் வந்தது. போனஸ் வாங்கின மறுநாள். பூப்போட்ட சேலை எடுத்துவிட்டு, ஒரு ஹோட்டல் வாசலில் தோசை வாசனையை மோந்துகொண்டு நின்றோமே. உள்ளே எல்லாம் ஆம்பிளைகள். "நீ முதல்ல போ" என்றேன் நான். "நீ போட்டி" என்றாய் நீ. போகச் சொல்லிச் சொல்லியே பஸ் நேரம் ஆகி, பஸ் ஸ்டாண்டில் பன் வாங்கித் தின்றுகொண்டே மலை ஏறினோம். போடிமெட்டு வளைவில் நீ அந்தப் பன்னையும் வாந்தி எடுத்தாய்.

பிரின்சியைப் பெண் பார்க்க ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். நல்ல குடும்பம், பையனுக்கு ஏலக்காய்க் கடையில் வேலை. இவள் காப்பித் தட்டைக்கூடத் தூக்கவில்லை. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்க சமைப்பீங்களா?" என்று கேட்டாள். பையன் அவன் அம்மாவைப் பார்த்தான். "நான் அவங்களக் கேக்கல, உங்களத்தான் கேக்கேன்" என்றாள். அவர்கள் போனபிறகு நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் உள்ளே வேறு ஒன்று ஓடியது. என்னைப் பார்க்க வந்த அன்றைக்கு நான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாப்பிள்ளையின் காலைத்தான் கண்டேன். முகத்தை நீதான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, "மூக்கு கொஞ்சம் பெருசு, மத்தபடி குத்தமில்ல" என்று சொன்னாய். அந்தத் தகவலை வைத்துக்கொண்டுதான் கழுத்தை நீட்டினேன். மனுஷன் தங்கமானவராக இருந்தார், கர்த்தருடைய கிருபை. இல்லாவிட்டால் யாரைக் கேட்பது?

இதெல்லாம்கூடப் போகட்டும். அவளிடம் ஒரு வார்த்தை இருக்கிறது, அதுதான் என்னைத் தின்கிறது. "வேண்டாம்." என்ன லேசாகச் சொல்கிறாள்! சோறு வேண்டாம், கல்யாணம் இப்ப வேண்டாம், அந்தச் சேலை வேண்டாம். சொல்லிவிட்டுப் போய்த் தூங்குகிறாள். நமக்கு அந்த வார்த்தை வாயில் வந்ததே இல்லையே.

உனக்கு வந்திருக்கவேண்டும். மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, உன் அப்பா நீலக் கலரில் தகரப்பெட்டி வாங்கி வந்து வைத்திருந்தார். லயமே வந்து அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. நானும் பார்த்தேன், இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்தச் சமயத்தில்தான் உன் அம்மாவுக்கு முட்டி வீங்கி, மலை ஏற முடியாமல் போயிற்று. நம் எஸ்டேட்டுச் சட்டம்தான் தெரியுமே. வீட்டுக்கு ஒரு பேர். செக்ரோல் பதிவில் அந்த வீட்டிலிருந்து ஒரு பேர் இருக்கிற வரைக்கும்தான் வீடு நமக்கு. பேர் இல்லையென்றால் சட்டிபானையோடு இறங்கிவிடவேண்டும். "நீ என்ன சொல்லுதே?" என்று உன்னை ஒருத்தரும் கேட்கவில்லை. ஆபீஸில் உன் அம்மா பேரை அடித்து உன் பேரை எழுதினார்கள். நீ வீட்டுக்கு வந்து நீலப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். அடுத்த வாரம் அதில் அரிசி கொட்டி வைத்தாய். சாகிற வரைக்கும் அது அரிசிப்பெட்டிதான். கொஞ்ச நாளில் என் பேரும் அப்படித்தான் ஏறியது. உனக்குப் பக்கத்துத் தேயிலை நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீயும் என்னைப் போலவே கூடையோடு நிற்கிறதைப் பார்த்து எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போயிற்று.

உன் வீட்டில் இப்போது ஜார்கண்டுக்காரர்கள் இருக்கிறார்கள். நீ மார்பில் கட்டி வந்து படுத்தபிறகு உன் மகன் திருப்பூரிலிருந்து வந்தான். உன்னைக் கடைசி நம்பர் தேயிலைக் காட்டுக்கு மேலே அந்த மேட்டில் அடக்கம் பண்ணினோம். காரியம் முடிந்ததும் ஆபீஸில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தேயிலைக்கு நான் வரமாட்டேன் என்று அவனும் லேசாகத்தான் சொன்னான். அந்த ஜார்கண்டுப் பெண் சின்னப் பிள்ளை. உன் ஜன்னலில் மிளகாய் காயப்போடுகிறது. என்னை அம்மா என்று கூப்பிடுகிறது. நல்ல பிள்ளைதான். ஆனாலும் உன் ஸ்டூல் இருந்த இடத்திலிருந்து வேறொரு சத்தம் வரும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மாதக் கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. பிரின்சியின் அப்பாவும் இல்லை. அப்படியென்றால் யார் பேர் என்று உனக்கே புரிந்திருக்கும்.

போன வாரம் அவள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, கொச்சி ஹோட்டல்ல எனக்கு வேலை கிடைச்சிருச்சு" என்றாள். இங்கே ரிசார்ட்டில் வருகிறவர்களுக்கு ரூம் சாவி எடுத்துக்கொடுத்து, அவர்களோடு இங்கிலீஷ் பேசிப் பழகியது போய், அங்கே பெரிய வேலையாம். "நீயும் வந்துரு. வீடு எடுத்துருவோம்." அடுத்தது அவளே சொன்னாள். வேலையில் சேர்வதற்கு முன்னால் இமாச்சலுக்கு டூர் போகிறாளாம். கூட வருகிறது மூன்று பெண்பிள்ளைகள். எல்லாம் போனில் பழக்கமானதுகள், இதுவரை நேரில் ஒருத்தியையும் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் இந்தக் கோட்டுப் பொட்டலம் வந்தது. பிரித்தாள். வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, "அடிபொளி!" என்றாள். உன் நடையேதான்ட்டி அது. அந்த ரிசார்ட்டு மேடம் நடை.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"இந்த வீட்டுக்காக நான் பேர் குடுக்கலையா? நீ குடுத்தா என்ன, தேஞ்சா போவே?"

"அம்மா, நான் தேயிலைக்குப் போகமாட்டேன்னு எப்பவோ சொல்லிட்டேன்."

"சொல்லுவே. உனக்கென்ன, நீ மகாராணி."

அவள் கோட்டைக் கழற்றாமலே என் முன்னால் வந்து நின்றாள். "உனக்கு இப்ப எதும்மா பிரச்சினை? வீடா, நானா?"

"நீதாண்டி! நீ சிரிக்கிறதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது!"

சொல்லிவிட்டேன். பெற்ற தாய் சொல்கிற பேச்சா அது? அவள் கோட்டை மெதுவாகக் கழற்றி, மடித்து, கட்டில் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு முழுவதும் நான் கொழுந்து வெட்டினேன் என்று பேர்தான். கட்டையும் இலையுமாக வெட்டித் தள்ளி சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினேன்.

அன்று சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் பேர் குடுக்கேன்மா. ஆபீஸ்ல சொல்லிரு."

"கொச்சி வேலை?"

"வரலன்னு மெசேஜ் போடணும்."

"டூரு?"

"எதுக்கு இப்ப அது." கோட்டை எடுத்து வந்த கவருக்குள்ளேயே போட்டு, டேப் ஒட்டினாள். "இதை ரிட்டர்ன் போட்டிருக்கேன். காலையில ஆள் வருவார். டேக் கிழியாம இருந்தா எடுத்துக்கிடுவாங்க. நீ குடுத்துரு."

நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும், இல்லையா? வீடு நின்றது. நாளைக்கு அவளும் இடுப்பில் படுதாவைச் சுற்றிக்கொண்டு, சரக் சரக் என்று சத்தம் போட்டு என் நிரையில் நடப்பாள். ஹோட்டலில் பரோட்டாவைத் திருப்பி அனுப்பமாட்டாள். எனக்குப் பொறாமைப்பட ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சந்தோஷம் இப்போ வரும், இப்போ வரும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவள் அந்தப் பொட்டலத்தைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நீ நீலப் பெட்டியைத் தள்ளினாயே, அதே தள்ளு.

காலையில் அவள் குளிக்கப் போனாள். நான் பொட்டலத்தை இழுத்துப் போட்டு டேப்பைப் பிய்த்தேன். டேக் கெட்டியான அட்டை, கழுத்துப் பட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தது. வீட்டுக் கத்திரிக்கோலை அவசரத்துக்குக் காணோம். கதவுக்குப் பின்னால் கொழுந்து வெட்டுகிற கத்திரி தொங்கியது. இரண்டு கையாலும் பிடித்து ஒரே வெட்டு. டேக் ஒரு பக்கம் பறந்தது, கூடவே கழுத்துத் துணியிலும் ஒரு விரற்கடை போய்விட்டது.

பொட்டலம் எடுக்க வந்த ஆள் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேச்சி, டேக் இல்லாம எடுக்க முடியாது."

"எடுக்காட்டிப் போங்க" என்றேன்.

பிரின்சி ஈரத்தலையோடு ஓடிவந்தாள். "அம்மா! என்ன பண்ணி வச்சிருக்கே?"

"கை தவறிருச்சு."

அவள் கோட்டைப் பார்த்தாள். என் கையில் இருந்த கத்திரியைப் பார்த்தாள். அதைக் கை தவறிப் பிடிக்க முடியாது என்று இந்த மலையில் பிறந்தவளுக்குத் தெரியாதா? சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது அவளுக்கு. "எனக்கு வயிறு எரியத்தாண்டி செய்யுது. எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகுது, நீ போ" என்றேன். கட்டிக்கொண்டாள். ஈரத்தலை என் கழுத்தெல்லாம் நனைத்துவிட்டது.

நேற்று ஆபீஸுக்குப் போனேன். கிளார்க்கு சார் பிரின்சி பேரை எழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே, "எஸ்தரம்மா, மோளுடெ பேரு எழுதட்டே?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தா?"

"வேண்டாம் சார்."

"பின்னே வீடு ஒழியணுமல்லோ. எங்கே போவீங்க இந்த வயசில?"

"கொச்சிக்கு" என்றேன். அவர் நல்ல மனுஷன். யோசித்துச் சொல்லுங்கள், மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது என்றார். நான் எழுந்துகொண்டே, "யோசிச்சாச்சு, வேண்டாம்" என்றேன். அது தேவையே இல்லாத மூன்றாவது வேண்டாம். வாய்க்கு ருசியாக இருந்தது, அதனால் சொன்னேன். வருகிற வழியெல்லாம் தேயிலைச் செடிகளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். உன் வீட்டு ஜார்கண்டுப் பெண் வாசலில் நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். அங்கே வேர்த்து ஊற்றுமாம். கொசு தூக்கிக்கொண்டு போகுமாம். என் மலையாளத்தைக் கேட்டால் மீன்காரிகூடச் சிரிப்பாள். நாளைக்கே பிரின்சிக்கு என்மேல் சலிப்பு வந்தால் திரும்பி வர வீடு கிடையாது. வேறு யாராவது வந்து, இந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நாம் இருந்தது தெரியாமல் ஆணி அடிப்பார்கள். நேற்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவளோ அடுத்த அறையில் போனில் அந்த மூன்று பெண்பிள்ளைகளோடு கூத்தும் கும்மாளமும். "எங்கம்மா டேக்கையே வெட்டிட்டாங்கப்பா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு எரியத்தான் செய்கிறது. ஒரு கோட்டை வெட்டினதால் புத்தி மாறிவிடுமா என்ன? இன்றைக்கு ஆராதனைக்கும் போகாமல் கழுத்துப் பட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு நூல் இல்லை. கறுப்பு நூல்தான் போட்டிருக்கிறேன். இமாச்சலில் யார் பார்க்கப்போகிறார்கள்.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்த விஷயம் வேறே.

உன் மேல் எனக்கு இருந்ததிலேயே பெரிய பொறாமை எது என்று உனக்குத் தெரியும். கருவாடு இல்லை, பூ இல்லை, நீலப் பெட்டியும் இல்லை. கடல். உன் அக்கா பிள்ளைக்குக் காது குத்த திருச்செந்தூர் போய், ஒரே ஒரு நாள் கடலைப் பார்த்துவிட்டு வந்தாய். அவ்வளவுதான், என் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். மழை பெய்தால், "இதென்ன தண்ணி, கடலுல்லா தண்ணி" என்பாய். மூடுபனியில் தேயிலை தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தால், "இப்படித்தான் இருக்கும், ஆனா ஆடும்" என்பாய். எப்படி ஆடும் என்று கேட்டால், "சொன்னா விளங்காதுட்டி, பாக்கணும்." ஒரு சிப்பி கொண்டுவந்தாய். அதை என் கையில்கூடத் தரவில்லை. நீயே பிடித்துக்கொண்டு என் காதில் வைத்தாய். ஒன்றும் கேட்கவில்லை எனக்கு. கேட்டது என்று பொய் சொன்னேன்.

பிரின்சி கொச்சியில் வைப்பின் என்கிற தீவுப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறாள். மாடியில் இரண்டு அறை. தெருவைத் தாண்டினால் கடலாம். போனில் போட்டோ காட்ட வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பார்க்கணும் என்று நீ சொன்னாய் அல்லவா? நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

நீ ஒரே ஒரு நாள் பார்த்தாய். நான் தினமும் பார்ப்பேன்ட்டி. காலையில் ஒரு தடவை போவேன், வெயில் தாழ்ந்தால் இன்னொரு தடவை போவேன். காலை நனைத்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஏதாவது ஒரு ஹோட்டலுக்குள் முதல் ஆளாய் நுழைந்து, தனி மேசையில் உட்கார்ந்து தோசை கேட்பேன். ஆறியிருந்தால் திருப்பி அனுப்புவேன்.

எரியுதாட்டி?

எரியட்டும். நீ படுத்திருக்கிற அந்த மேட்டில் குளிர் ஜாஸ்தி.